அப்பாவின் நெற்றிக்குப் பின்னால்

குணா,

நேற்றுக் காலை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து மறுபடி அழைத்தாய். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கல்யாண மேடையில் பாதபூஜைக்கு அப்பாவுக்குப் பதிலாகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் பேசாமல் இருந்ததும், "நோய்னு ஒரு பேரு வச்சுட்டா எல்லாத்தையும் மன்னிச்சிரணுமாம்மா?" என்றாய். அதில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்புதான் என்னை எழுத உட்கார வைத்திருக்கிறது. வாயால் சொன்னால் நான் பாதியில் அழுவேன், நீ பாதியில் வேலைக்குக் கிளம்பிவிடுவாய். தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். என் பிள்ளைக்கு எழுத வேண்டியதை எழுத இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

ஷாமினி வீட்டு நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. சாமி கும்பிடுவதற்கு முன்பே அப்பா தட்டிலிருந்த லட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். ஷாமினியின் அம்மா மரியாதைக்குச் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து, நீங்களே இவ்வளவு குண்டாக இருந்தால் நாளைக்கு உங்கள் மகளும் இப்படித்தான் ஆவாள் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பினார். "இவனுக்கா பொண்ணு குடுக்குறீங்க? சின்னதிலேர்ந்தே இவன் ஒண்ணுக்கும் ஒதவாதவன்லா" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நீ எழுந்து வெளியே போனாய். அன்று மாலையே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு மாசாய் வீட்டுப் படியை நீ மிதிக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று நீ எழுந்து போனபோது, நானும் உன்னோடு வந்துவிட மாட்டேனா என்றுதான் எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் நான் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் போதும், துறைமுகத்திலிருந்து வரும்போது எனக்குப் பிடித்த, கடலைத்தூள் தூவி மடித்த ஆப்பம் பாலிக்கை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். இந்த முறை நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. என் மௌனம் அவர் மேல் படவில்லை, குணா. அவமானத்தைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அதன் பிறகு ஒரு நாள் நான் அடுப்படியில் வழுக்கி விழுந்து கை மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார் என்று சொன்னேன். அது உண்மை. அதற்கு முன் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. விழுந்த வலியில் அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார். கீழே கிடந்த என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு, மறுபடி என்னைத் தாண்டிப் போய்த் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். அந்தக் கண்ணில் எரிச்சல் இல்லை, வெறுப்பு இல்லை. நடக்கிற வழியில் ஒரு நாற்காலி சாய்ந்து கிடந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தார். வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உன் சேகர் மாமாதான் என் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கினான்.

கைக்குக் கட்டுப் போட்ட இளம் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். நான் ஈரத்தில் வழுக்கியதை மட்டும் சொன்னேன். வரும் வழியில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சேகர் மிச்சத்தையும் சொல்லிவிட்டான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்கள் கணவருக்கு வயது என்ன, எப்போதிலிருந்து இப்படி, இனிப்பு அதிகம் சாப்பிடுகிறாரா, சாவு வீட்டில் சிரித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நம் தமான் குடியிருப்பில் எதிர் வீட்டுப் பெரியவர் இறந்தபோது அப்பா சிரித்ததை அந்த டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் கேட்டார். அப்படித்தான் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்து மூளையைப் படம் பிடிக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

எங்களிடம் பேசியவர் ஒரு மலாய் டாக்டர் அம்மா. திரையை என் பக்கம் திருப்பி வைத்து, இதுவும் மறதி நோயில் ஒரு வகைதான் என்று பொறுமையாகச் சொன்னார். நான் அதுவரை மறதி நோய் என்றால் சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு எதுவும் மறக்கவில்லையே. தன்னோடு வேலை பார்த்தவர்களின் பெயர், எந்தச் சாலையில் எத்தனை விளக்கு, எல்லாம் சொல்வாரே. அதைத்தான் டாக்டரும் சொன்னார். நினைவைப் பார்த்துக்கொள்ளும் இடம் இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறதாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்பகுதியும், காதோரம் இருக்கிற பகுதியின் முனையும்தான் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. நாக்கில் வந்ததை விழுங்க வைப்பது, அடுத்தவர் தட்டில் கை போகாமல் தடுப்பது, இன்னொருவர் வலியைப் பார்த்தால் நம் நெஞ்சு துணுக்குறுவது, இவையெல்லாம் பெரும்பாலும் அங்கே நடக்கிற வேலைகள் என்றார். படத்தில் மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது. அந்தக் கறுப்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். அவர் உள்ளே எங்கேயாவது இருக்கிறாரா, வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடக்கிறாரா என்று கேட்டேன். டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் புவான் என்று மரியாதை வைத்தே சொன்னார். கதவுக்குப் பின்னால் பழைய ஆள் காத்துக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள், உங்கள் மேல் அக்கறை வைத்த அந்த இடமே கரைந்துகொண்டிருக்கிறது, தனக்கு ஒரு மாற்றம் வந்திருப்பதுகூட அவருக்குத் தெரியாது என்றார். இதை நிறுத்த மருந்து இல்லை. படபடப்பைக் குறைக்கக் கொஞ்சம் மாத்திரை இருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, டாக்டரின் மேசை மேலிருந்த மிட்டாயை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொன்னார். இந்த முன்பகுதிதான் மனிதருக்குக் கடைசியாக வளர்ந்து முடிகிறதாம். இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் அது முழுமை அடைகிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் பதினாறு வயது ஞாபகம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாசிர் கூடாங் சாலையில் பறந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போலீசிடம் மாட்டினாயே. அப்பா வேலைச் சட்டையோடு நிலையத்துக்கு வந்தார். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் வறுத்த மீ கோரெங் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தார். வீட்டில் நான் கத்தினேன். "விடு. அவனுக்கு இன்னும் மண்டை முழுசா வேகல. வெந்துரும்" என்றார். அவர் உன்னை முட்டாள் என்கிறார் என்று நினைத்து நீ சாப்பிடாமல் அறைக்குப் போய்விட்டாய். அவர் சொன்னது, கொஞ்ச காலம் பொறுத்துக்கொள், இவன் நன்றாக வருவான் என்பதைத்தான். உன்னிடம் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நிச்சயத்தில் அவர் சொன்ன வார்த்தை உன் காதில் கேட்கும்போதெல்லாம் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள். ஒன்று இன்னொன்றை அழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

உன் சேகர் மாமாவுக்கு மனநோய் வந்ததும் மூளை இன்னும் முற்றிக்கொண்டிருக்கிற வயதில்தான். கூலாய் பக்கம் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக்கு நடுவே நானும் தம்பியும் வளர்ந்த வீடு. பள்ளியில் கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தொன்பது வயதில் திடீரென்று கூட்டாளிகளை விட்டான், குளிப்பதை விட்டான். மரத்துக்குப் பின்னால் நின்று யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். காத்து கருப்பு என்று கோயில் கோயிலாகக் கொண்டு போனோம், மலாய்க் கம்பத்துக் கிராமத்தில் ஓத வைத்துப் பார்த்தோம், முதுகில் பிரம்பால்கூட அடித்தார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையாக வந்து சில மாதம்கூட ஆகாத உன் அப்பாதான், இது சாமி விஷயம் இல்லை, மண்டை விஷயம் என்று சொல்லி அவனை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துத் தன் இடுப்போடு துணியால் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அந்த வயதில் மூளை தேவையில்லாத இணைப்புகளைக் கழித்துத் தன்னைச் சீராக்கிக்கொள்ளுமாம், சிலருக்கு அந்த வேலை எங்கேயோ பிசகிப்போகிறது என்று நினைக்கிறார்கள், இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்று இப்போது இந்த மலாய் டாக்டர் சொன்னார். மாதா மாதம் ஊசிக்கு அவனை அழைத்துப் போனதும் அப்பாதான். சேகரின் கணக்கு திரும்பி வரவில்லை. ஆனால் மனிதன் இருக்கிறான், நம்மோடு நம் வீட்டில் இருக்கிறான். இன்று அப்பாவைக் குளிப்பாட்டுவது அவன்தான். அப்பா அவனைக் கையால் தள்ளிவிடுகிறார். "எனக்கு முடியாதப்போ நானும் அத்தானை அடிச்சிருக்கேன்க்கா" என்கிறான், மறுபடி தண்ணீரை ஊற்றுகிறான்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. நீ பிறந்தபோது எல்லாரும் இனிப்புக் கொடுத்தார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நீ அழுவது எனக்குக் கேட்கும், ஆனால் அது என் பிள்ளையின் அழுகை என்று உடம்புக்குத் தெரியாது. பால் கட்டி வலித்தது, உன்னைத் தூக்கத் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் இல்லாமல் இருந்தால் நல்லது என்று ஓயாமல் தோன்றியது. பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தத்தில் ஏறியிருந்த ஹார்மோன்கள் ஒரே மூச்சில் இறங்குகின்றன, தாயின் மூளையே அந்த மாதங்களில் மாறுகிறது, சிலருக்கு அந்த மாற்றத்தில் இருட்டு விழுந்துவிடுகிறது என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. கொழுப்பு என்றார்கள் சிலர். அந்த முதல் மாதங்களில் உன்னை வளர்த்தது உன் அப்பா, குணா. பால் புட்டியை வெந்நீரில் போட்டு எடுத்தது, தொட்டில் ஆட்டியது, ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கியது, எல்லாம் அவர். என்னை ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. உன்னைக் கொண்டு வந்து என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, தானும் அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பார். கிளினிக்குக்கு அழைத்துப் போனதும் அவர்தான். இதை என் குற்றமாக எழுதவில்லை. இது குற்றம் இல்லை என்று எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

இதெல்லாம் சொல்லி அவரைத் தெய்வம் ஆக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. உன் பதினான்காவது வயதில், மெர்சிங் படகுத்துறையில் எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தாரே, அது நோய் இல்லை. அது நல்ல மூளையோடு இருந்த உன் அப்பா செய்தது. அதற்கு நீ அவர் மேல் கோபமாகவே இருக்கலாம். நீ பட்டம் வாங்கிய நாளில் அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வராமல் வீட்டில் தொலைக்காட்சி பார்த்தாரே, அது யார்? எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். இந்த நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே உள்ளே தொடங்கியிருக்கலாம், எந்த நாளில் அவர் போய், எந்த நாளில் நோய் வந்தது என்று யாராலும் கோடு போட முடியாது என்றார். நீ கேட்டாயே, எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டுமா என்று. எதை மன்னிப்பது, எதற்கு மன்னிப்பே தேவையில்லை என்று பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. பிரித்துப் பார்க்கப் பார்க்க நான்தான் தேய்ந்தேன். இப்போது விட்டுவிட்டேன்.

நீ கேட்காமல் விழுங்கிக்கொண்ட இன்னொரு கேள்வியும் எனக்குத் தெரியும். உனக்கும் வருமா? சில குடும்பங்களில் இது வழிவழியாக வருகிறது, பலருக்கு அப்படி வருவதில்லை. அப்பா வழியில் வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் அந்தக் காலத்தில் கிழவனுக்குக் குணம் கெட்டுப்போச்சு என்று சொல்லி முடித்துவிடுவார்கள், யார் கண்டது. வராது என்று சத்தியம் செய்ய டாக்டரும் தயாராக இல்லை. பரிசோதனை இருக்கிறது, செய்வதும் செய்யாததும் உங்கள் இருவர் முடிவு. ஷாமினியிடம் எப்படிச் சொல்வது என்று நீ தவித்துக்கொண்டிருந்தால், அந்தத் தவிப்பை விடு. போன வாரம் அவள் தனியாக வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் சொல்லலாம் என்று அவளே அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

மத்தியானம் வந்தாள். அப்பா அவளை யார் என்றும் கேட்கவில்லை, அவள் கையிலிருந்த கேக் டப்பாவைப் பிடுங்கினார். அவள் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். உனக்கும் இந்த நோய் வருமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள், கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "அத்தை, அவருக்கு இது வருமான்னு கேக்க நான் வரல. வந்துச்சுன்னா நான் என்ன செய்யணும்னு கேக்க வந்தேன்."

எழுந்து போய் அவளுக்கு வீட்டைக் காட்டினேன். ஐஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருப்பதைக் காட்டினேன். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரேயடியாக அடைத்துத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவுக்குச் சோறு போட்டாள். ஒரு வாய் முடிந்ததும் அடுத்ததை வைத்தாள். அவர் ஒருமுறைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அழுதாள். நான் தேற்றவில்லை. தேற்றுவதற்கு என்னிடம் பொய் எதுவும் மிச்சம் இல்லை.

நீங்கள் இருவரும் வாழப் போகிறீர்கள். நான் கண்டதை வைத்து இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறந்த பிறகு ஷாமினி சுவரைப் பார்த்துப் படுத்தால் ஒரு நாளும் தாமதிக்காதே. உன் பிள்ளை வாலிப வயதில் திடீரென்று வேறு ஆளாகி அறைக்குள் அடைந்தால், கோயிலுக்குப் போவதானாலும் போ, மருத்துவமனைக்கும் போ. நடு வயதில் உங்களில் ஒருவருக்குக் குணம் மாறினால், சண்டை போடுவதற்கு முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். எனக்கும் வயதாகிறது. நாளைக்கு நான் உன்னைச் சுடுசொல் சொன்னாலும் முதலில் என் தலையைப் பார்க்கச் சொல். தூக்கம், நடை, நாலு பேரோடு பேச்சு, இவையெல்லாம் மூளைக்கு நல்லது என்கிறார்கள், செய்யுங்கள். செய்தாலும் வருவது வரலாம். அப்பா குடித்ததில்லை, புகைத்ததில்லை, தினமும் நடந்தவர்.

மேடையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும். நான் அவர்களிடம் பேசிவிட்டேன். மேளச் சத்தமும் கூட்டமும் அப்பாவுக்கு ஆகாது, எழுந்து ஓடப் பார்ப்பார். அன்று சேகர் அவரோடு வீட்டில் இருப்பான். நான் கீழே முதல் வரிசையில் இருப்பேன். அதைப் பற்றி உனக்கு எந்த உறுத்தலும் வேண்டாம்.

ஆனால் கல்யாணத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. காலைக் கழுவச் சொல்லி உன்னை வற்புறுத்த மாட்டேன். வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார், போதும். பெயர்கள் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன, அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. உன்னைப் பார்த்ததும் குணா என்று கூப்பிடுவார். அந்தக் குரலில் பாசத்தைத் தேடாதே, நான் தேடிப் பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும், கூப்பிட்டால் "என்னப்பா" என்று பதில் சொல்லு.

அம்மா